கூலிக்காரர் பக்கம் நின்ற டோரதி அம்மையார்



"சங்கத்து வேலை வேற, சாமி கும்பிடுறது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க அண்ணே" என்று நம்மிடம் சொல்பவர்கள் பலர். லயத்திலும் கேட்கிறோம்; திருவிழாக் கூட்டத்திலும் கேட்கிறோம். மாரியம்மன் கோயில்காரரும் சொல்கிறார், மாதா கோயில்காரரும் சொல்கிறார். ஏழைக்கு ஒரு பொட்டலம் சோறு கொடுத்தால் அது புண்ணியமாம். அதே ஏழை கூலி உயர்வு கேட்டு நிற்கும்போது அவன் பக்கத்தில் போய் நின்றால் அது அரசியலாம்! சோற்றுக்கும் கூலிக்கும் நடுவே இப்படி ஒரு வேலி போட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்த வேலியைப் பிடுங்கி எறிந்த ஒரு கத்தோலிக்கப் பெண்மணியைப் பற்றி இவ்வாரம் எழுதுகிறோம். பெயர் டோரதி டே. ஊர் அமெரிக்காவின் நியூயார்க். நாள் தவறாமல் பூசை கண்டவர், செபமாலையைக் கைவிடாதவர், பாப்பரசரின் போதனையைத் தலைமேல் வைத்தவர். அதே அம்மையார், தம்முடைய கர்தினாலே முதலாளியாக இருந்த ஓர் இடத்தில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, கர்தினால் பக்கம் நிற்கவில்லை. தொழிலாளர் பக்கம் நின்றார். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறோம்.

டோரதி 1897ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் புரூக்ளினில் பிறந்தார். தகப்பனார் பத்திரிகைக்காரர், குதிரைப் பந்தயச் செய்தி எழுதுபவர். வீட்டில் பக்தி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. 1906இல் சான் பிரான்சிஸ்கோவைப் பூகம்பம் குலுக்கியபோது குடும்பம் எதிர்க்கரையில் ஓக்லண்டில் இருந்தது. வீடு வாசல் இழந்து கரையேறி வந்தவர்களுக்கு ஊர்ச் சனங்கள் சோறும் துணியும் கொடுத்துத் தாங்கியதை 8 வயதுச் சிறுமி டோரதி கண்ணால் பார்த்தாள். ஆபத்து வந்த நாளில் இப்படி இருக்கத் தெரிந்த மனிதர்கள் மற்ற நாளில் ஏன் இருப்பதில்லை? இந்தக் கேள்வி அவரைக் கடைசி வரை விடவில்லை.

இரண்டு வருடம் கல்லூரி. பிறகு நியூயார்க்கில் ஒரு சோசலிசப் பத்திரிகையில் வேலை. 1917இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு வெள்ளை மாளிகை வாசலில் நின்றவர்களோடு கைதாகிச் சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். அப்போது வயது 20. பூர்ஷ்வா, புரட்சி என்ற பேச்சுக்குள்ளேயே வளர்ந்த பெண் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1926இல் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு யாரிடம் போய் நன்றி சொல்வது என்று தேடித்தான் அவர் கோயிலுக்குப் போனார். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1927 டிசம்பரில் தாமும் பெற்றார். குழந்தையின் தகப்பனாரோ மதமே ஆகாது என்பவர். அந்த உறவு அத்தோடு முறிந்தது. கைக்குழந்தையோடு தனியாக நின்றார். விசுவாசம் அவருக்குச் சும்மா கிடைக்கவில்லை.

ஏன் கத்தோலிக்கம்? நியூயார்க்கில் அது ஏழைகளின் கோயிலாக இருந்தது. அயர்லாந்து, இத்தாலி, போலந்து என்று கப்பலேறி வந்த கூலிக்காரச் சனங்கள் ஞாயிற்றுக்கிழமை முட்டி போட்ட இடம் அது. அந்தச் சனங்கள் இருக்கும் இடம் தம்முடைய இடம் என்று அவர் நினைத்தார். ஆனால், சேர்ந்த பிறகு ஒரு வேதனை வந்தது. தெருவில் இறங்கிப் போராடும் பழைய தோழர்கள் சாமி இல்லை என்கிறார்கள். சாமி உண்டு என்பவர்களோ தெருவில் இறங்கக் காணோம்.

அந்த வேதனையோடு 1932 டிசம்பரில் வாஷிங்டன் நகருக்குப் போனார். அப்போது அமெரிக்காவில் பெரும் பஞ்சகாலம். கோடிக்கு மேற்பட்டோர் வேலையில்லாமல் இருந்தனர். வேலை கேட்டுப் பட்டினி ஊர்வலம் வந்தது. டோரதி செய்தி எழுதுபவராக நடைபாதையில் நின்று பார்த்தார். மறுபடி ஊர்வலத்துக்குள் போகவும் முடியவில்லை, ஒதுங்கி நிற்கவும் மனம் ஒப்பவில்லை. அமலோற்பவ மாதா திருநாளான 8ஆம் தேதி அந்நகரின் மாதா கோயிலில் முழந்தாளிட்டு அழுதார். தமக்கு ஒரு வழி காட்டும்படி கேட்டார்.

நியூயார்க் திரும்பினால் வீட்டில் ஓர் ஆள் காத்திருக்கிறார். கசங்கிய சட்டை, சட்டைப் பை நிறையத் துண்டுக் காகிதம். பெயர் பீட்டர் மோரின். பிரெஞ்சு நாட்டு விவசாயி மகன்; வாத்தியாராக இருந்து, பிறகு கனடாவிலும் அமெரிக்காவிலும் கூலி வேலை பார்த்தவர். "பத்திரிகை ஆரம்பி, ஏழைகளுக்கு வீடு திற, மனிதர் மண்ணுக்குத் திரும்பட்டும்." இதுதான் அவர் ஓயாமல் பேசியதன் சாரம்.

ஒரு காசுப் பத்திரிகை

1933 மே முதல் நாள். தொழிலாளர் தினம். நியூயார்க்கின் யூனியன் சதுக்கத்தில் கம்யூனிஸ்டுகளின் செங்கொடிகளுக்கு நடுவே ஒரு புதிய பத்திரிகை விற்பனைக்கு வந்தது. 'கத்தோலிக்கத் தொழிலாளி' என்று பெயர். விலை ஒரு காசு. 57 டாலர் செலவில் 2,500 பிரதிகள் அச்சடித்திருந்தார்கள். அந்தப் பணமும் வீட்டுச் செலவுக்கு வைத்திருந்ததை மிச்சம் பிடித்துச் சேர்த்ததுதான். மூன்றே ஆண்டில் பத்திரிகை ஒரு லட்சம் பிரதியைத் தாண்டியது.

அதில் எழுதியது புதுச் சரக்கு இல்லை. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர், அதாவது 13ஆம் லியோ, 1891 மே 15ஆம் நாள் தொழிலாளர் நிலை பற்றி ஒரு சுற்றுமடல் விடுத்திருந்தார். உழைப்பவனும் அவன் குடும்பமும் மானத்தோடு பிழைக்கக் கூலி போதுமானதாக இருக்க வேண்டும். தொழிலாளர் சங்கம் அமைப்பது அவர்களின் இயல்பான உரிமை என்று அதில் சொன்னார். 2025 மே மாதம் பாப்பரசரானவர் 14ஆம் லியோ என்று பெயர் வைத்துக்கொண்டதற்கும் அந்த மடலையே காரணமாகச் சொன்னார். டோரதி அம்மையார் செய்தது என்னவென்றால், அலமாரியில் தூசி படிந்து கிடந்த அந்த மடலைத் தெருவுக்குக் கொண்டுவந்து ஒரு காசுக்கு விற்றதுதான்!

எழுதியதை நம்பி ஆட்கள் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். வீடில்லாதவர், வேலை போனவர், குடித்து அழிந்தவர், புத்தி பேதலித்தவர். ஒரு வீடு வாடகைக்கு எடுத்தார்கள், பிறகு இன்னொன்று. காலையில் காப்பியும் ரொட்டியும், பகலில் சூப்பும். வரிசை தெருமுனை வரை நீண்டது. 1941க்குள் அமெரிக்காவில் 30க்கும் அதிகமான ஊர்களில் இப்படி விருந்தோம்பல் இல்லங்கள் திறந்துவிட்டன. வந்தவனை நீ யார், என்ன மதம், ஏன் இந்தக் கதிக்கு ஆளானாய் என்று கேட்பதில்லை. பசித்தவனுக்குக் கொடுத்தது தமக்கே கொடுத்தது என்று இயேசுநாதர் சொன்னதாக மத்தேயு சுவிசேஷத்தின் 25ஆம் அதிகாரம் சொல்கிறதல்லவா? அங்கே விசாரணைப் பாரம் ஒன்றும் இல்லையே என்பது அம்மையாரின் வாதம்.

அன்பு என்றால் மல்லிகைப்பூ மணக்கும் என்று நினைக்க வேண்டாம். அந்த இல்லங்களில் மூட்டைப்பூச்சி, பேன், வாந்தி, அடிதடி எல்லாம் இருந்தன. அம்மையார் அதற்குள்ளேயே வசித்தார். தானமாக வந்த பழந்துணியையே உடுத்தினார். ருஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' அவருக்கு உயிரான நாவல். கனவில் காட்டும் அன்பு எளிது, கையால் செய்யும் அன்பு கடினம் என்று அதில் ஒரு முதிய துறவி பேசும் கருத்தை அம்மையார் எப்போதும் எடுத்துச் சொல்வார். தினமும் அதே முகம், அதே வசவு, அதே நாற்றம். அதைப் பொறுத்துக்கொண்டு மறுநாளும் சூப் ஊற்றுபவனுக்குத்தான் அது புரியும்.

அவருடன் இருந்தவர்கள் ஒரு நிகழ்ச்சி சொல்வார்கள். ஒரு சீமாட்டி வைர மோதிரம் ஒன்றை நன்கொடையாகக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மையார் அதை அன்று சாப்பிட வந்த ஒரு கிழவிக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் கிழவியோ எல்லாரையும் திட்டுபவள். "விற்றிருந்தால் அவளுக்கு ஒரு வருட வாடகை கட்டியிருக்கலாமே" என்றார் ஒருவர். "அவள் விற்றாலும் விற்கட்டும், போட்டு அழகு பார்த்தாலும் பார்க்கட்டும். வைரத்தை ஆண்டவன் பணக்காரனுக்காக மட்டுமா படைத்தான்?" என்ற பொருளில் பதில் வந்ததாம். நமக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். ஏழைக்குக் கொடுக்கும்போது நம்மில் பலர் கூடவே நாலு புத்திமதியும் கொடுக்கிறோம். "குடிச்சி அழிச்சிடாதே" என்று சொல்லாமல் பத்து வெள்ளி கொடுப்பவர் நம் தோட்டங்களில் எத்தனை பேர்?

1936இல் அர்கன்சாஸ் மாநிலத்துப் பருத்திக் காட்டுக்குப் போனார். வாரத்துக்கு உழும் ஏழைகள் சங்கம் சேர்ந்தார்கள் என்று நில முதலாளிகள் அவர்களைக் குடியிருப்பிலிருந்து வெளியே தள்ளியிருந்தார்கள். குளிரில், கூடாரத்தில், குழந்தை குட்டியோடு கிடந்தார்கள். அம்மையார் ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டுக்குத் தந்தி அடித்தார். அவர் மாநில கவர்னரை விசாரித்தார். அங்கே ஒன்றும் பிரச்சினை இல்லை என்று கவர்னர் பதில் சொல்லிவிட்டார். வேலை போனால் வீடும் போகும் என்ற சட்டம் எப்படிப்பட்டது என்று தோட்டத்தில் பிறந்தவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு நியூயார்க் துறைமுகத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்கு இடமும் சோறும் கொடுத்தது இந்த இல்லம்தான்.

கர்தினாலின் கல்லறைத் தோட்டம்

இப்போது நாம் சொல்ல வந்த கதை.

நியூயார்க்கில் கால்வரி என்று ஒரு பெரிய கல்லறைத் தோட்டம். மேற்றிராசனத்துக்குச் சொந்தம். அங்கே குழி வெட்டுபவர்கள் சுமார் 240 பேர். அனேகமாக எல்லாரும் கத்தோலிக்கர். ஞாயிறு பூசைக்குப் போய் நன்மை வாங்குபவர்கள். வாரத்துக்கு 6 நாள், 48 மணி நேரம் வேலை. அதே கூலியில் 5 நாள், 40 மணி நேரமாக்கித் தரும்படி கேட்டார்கள். கிடைக்கவில்லை. 1949 ஜனவரியில் மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள்.

எதிரே நின்ற முதலாளி யார்? கர்தினால் பிரான்சிஸ் ஸ்பெல்மன். அமெரிக்காவிலேயே செல்வாக்கு மிக்க கர்தினால். இது கம்யூனிஸ்டுகளின் தூண்டுதல் என்று அவர் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஒருவனைக் கம்யூனிஸ்ட் என்று சொல்லிவிட்டால் போதும், வேறு விலங்கு தேவையில்லை. தொழிலாளர்களோ தாங்கள் கம்யூனிஸ்டுகள் அல்ல என்று சத்தியப் பிரமாணமே செய்தார்கள். அதுவும் எடுபடவில்லை. அடக்கம் செய்யாத பெட்டிகள் ஆயிரத்துக்கு மேல் சேர்ந்துவிட்டன. மார்ச் மாதத் தொடக்கத்தில் கர்தினால் தம் குருமடத்து மாணவர்களை அழைத்துக்கொண்டு மறியல் வரிசையைத் தாண்டி உள்ளே போனார். நாளைக்குக் குருவாகப் போகும் பிள்ளைகள் மண்வெட்டி பிடித்துக் குழி வெட்டினார்கள்.

தோழர்களே, இதற்கு நம் மொழியில் ஒரு சொல் உண்டு. கருங்காலி. அங்கி போட்டிருந்தாலும் சொல் அதுதான்.

ஆனால், ஒன்றையும் மறைக்கக் கூடாது. பிணம் அடக்கம் செய்வதும் தருமந்தான். இறந்தவரை அடக்கம் செய்வது கத்தோலிக்கர் போற்றும் இரக்கச் செயல்களில் ஒன்று. பெட்டிக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு நின்ற குடும்பங்களின் துக்கமும் பொய் இல்லை. கர்தினாலும் அந்தத் தருமத்தைத்தான் எடுத்துக் காட்டினார். இரக்கச் செயலையே வேலைநிறுத்தத்தை உடைக்கும் கோடரியாக ஆக்கிவிட்டார் என்பதுதான் நம் மனத்தை உறுத்துவது.

டோரதி அம்மையாரும் அவருடைய இல்லத்தவரும் தொழிலாளர்களோடு சேர்ந்தார்கள். மார்ச் 4ஆம் தேதி அம்மையார் கர்தினாலுக்குக் கடிதம் எழுதினார். வசை இல்லை, மகள் தகப்பனுக்கு எழுதும் பணிவு. கருத்து மட்டும் வளையவில்லை. இது கூலிக்கு மேல் வைத்த சண்டை மட்டும் அல்ல, இந்த மனிதர்களின் மானத்தைப் பற்றியது. பெரியவராகிய நீங்கள்தான் இறங்கி அவர்களைத் தேடிப் போக வேண்டும் என்பதே அதன் சாரம். கர்தினால் போகவில்லை.

வேலைநிறுத்தம் அந்த மாதமே முடிந்தது. 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூலி கூடியது. 48 மணி நேரம் அப்படியே நின்றது. பாதி வெற்றி, பாதி தோல்வி. சங்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானது.

பிடித்து வைத்த கூலியே ஆண்டவனை நோக்கிக் கூக்குரலிடும் என்று யாகப்பர் தமது நிருபத்தில் எச்சரிக்கிறார். அந்த நிருபம் கோயிலில் வாசிக்கப்படுகிறது. கோயிலே முதலாளியாகும்போது மட்டும் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட முடியுமா? அம்மையார் தள்ளவில்லை. கோயிலைவிட்டு வெளியேறவும் இல்லை. மறுநாள் காலையிலும் பூசைக்குப் போனார். 1951இல் பத்திரிகையின் பெயரிலிருந்து 'கத்தோலிக்க' என்ற சொல்லை எடுக்கும்படி மேற்றிராசன அலுவலகம் சொன்னது. மரியாதையாக மறுத்துவிட்டார். பெயர் அப்படியே நின்றது.

அந்த வேலைநிறுத்தம் முடிந்த இரண்டாம் மாதம் பீட்டர் மோரின் காலமானார். யாரோ கொடுத்த கோட்டு, யாரோ கொடுத்த குழி. நாள் மே 15; சிங்கராயரின் மடல் வெளிவந்த அதே தேதி.

அம்மையார் சொன்னது அத்தனையும் நமக்கு உடன்பாடு என்று எண்ணிவிட வேண்டாம். ஏழையைக் கவனிப்பதை அரசாங்கத்தின் தலையில் கட்டிவிட்டால் அண்டைவீட்டான் கை கழுவிவிடுவான் என்று அவர் பயந்தார். 1945இல் அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தையே குறை சொல்லி எழுதினார். ஊழியர் சேமநிதி, சொக்சோ என்று நம் மூத்தவர்கள் மல்லுக்கட்டி வாங்கிய உரிமையில் பிழைக்கும் நாம் இதை எப்படி ஏற்பது? கால் உடைந்த தொழிலாளி பக்கத்து வீட்டுக்காரனின் நல்ல மனத்தை எதிர்பார்த்து உட்கார முடியாது. பாரத்தை நிரப்பினால் பணம் வர வேண்டும். அதுதான் மானம். இரண்டாம் உலகப் போரில்கூட ஆயுதம் ஆகாது என்று சாதித்தார். அதனால் வாசகர்களில் பெரும்பகுதியை இழந்தார்.

ஆனால், சொன்னதற்குத் தாம் முதலில் கட்டுப்படுபவர் என்பதில் சந்தேகமே இல்லை. சுரங்க ரயில் பாதைக்காக நியூயார்க் நகராட்சி அவர்களுடைய வீட்டை எடுத்துக்கொண்டது. நட்டஈட்டுத் தொகை 68,700 டாலர். பணம் தாமதமானதால் மேலே 3,579 டாலர் 39 காசு வட்டி. 1960இல் அம்மையார் அந்த வட்டியை மட்டும் தனியே எடுத்து நகராட்சிக்கே திருப்பி அனுப்பிவிட்டார். வட்டி வாங்குவது பாவம் என்ற பழைய போதனையை அவர் நம்பினார். அடுப்பில் சூப்புக்குக் காசில்லாத வீடு அது! வட்டிக்காரனிடம் பேங்க் கார்டை அடகு வைத்துவிட்டு நிற்கும் நம் சனங்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், அல்லது அழுவார்கள்.

திராட்சைத் தோட்டத்து வெயில்

கடைசியாக ஒரு காட்சி. கலிபோர்னியா மாநிலத்துத் திராட்சைத் தோட்டங்கள். அமெரிக்காவில் 1935இல் சங்கம் அமைக்கும் உரிமைக்குச் சட்டம் வந்தபோது தோட்டத் தொழிலாளர்களை வெளியே விட்டுவிட்டார்கள். 1965 செப்டம்பரில் முதலில் பிலிப்பினோ தொழிலாளர்களும் அடுத்து சீசர் சாவேஸ் தலைமையில் மெக்சிக்கர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சாவேசும் கத்தோலிக்கர். இளவயதில் ஒரு பாதிரியார் அவருக்கு அதே சிங்கராயர் மடலைப் படித்து விளக்கியிருந்தார். ஊர்வலத்தில் குவாடலூப்பே மாதா படம் முன்னே போனது. 1968இல் சாவேஸ், காந்தியடிகள் வழியில் 25 நாள் உண்ணாவிரதம் இருந்தார். 1970இல் திராட்சை முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

1973இல் அந்த ஒப்பந்தங்கள் முடிந்தன. முதலாளிகள் சாவேசின் சங்கத்தை விட்டுவிட்டுத் தங்களுக்கு வசதியான வேறொரு சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மறுபடி மறியல். மறியலுக்குக் கோர்ட்டு தடை விதித்தது. தடையை மீறி ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். அந்தக் கோடையில் ஒரு யேமன் நாட்டு இளைஞரும் ஒரு மெக்சிக்க முதியவரும் உயிரிழந்தார்கள்.

அந்த நேரத்தில் டோரதி அம்மையார் நியூயார்க்கிலிருந்து வந்து சேர்ந்தார். வயது 75. இருதயம் பலவீனம். நெடுநேரம் நிற்க முடியாது. ஆகவே மடக்கு நாற்காலி ஒன்றை வைத்து மறியலில் உட்கார்ந்தார். அந்தப் படம் உலகம் முழுதும் போயிற்று: வைக்கோல் தொப்பி போட்ட ஒல்லிக் கிழவி உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறார், இரு பக்கமும் இடுப்பில் துப்பாக்கி தொங்கும் போலீஸ்காரர்கள். படத்தில் அவர்களுக்கு முகம் இல்லை. கைதானார். தோட்டத்துப் பெண்களோடு பல நாள் காவலில் இருந்தார். 1917இல் தொடங்கிய சிறைக் கணக்கில் அதுவே கடைசி. உடன் இருந்த பெண்கள் அவருடைய சிறைக் கவுனில் தங்கள் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார்கள். 1975இல் கலிபோர்னியா மாநிலம் தோட்டத் தொழிலாளருக்குச் சங்க உரிமைச் சட்டம் கொண்டுவந்தது.

1980 நவம்பர் 29ஆம் நாள், வீடற்ற பெண்களுக்கென்று திறந்த நியூயார்க் இல்லத்தின் ஓர் அறையில் டோரதி அம்மையார் கண் மூடினார். பெட்டி கோயில் வாசலுக்கு வந்தபோது எதிர்கொண்டு ஆசீர்வதித்தவர் நியூயார்க் கர்தினால் குக். ஸ்பெல்மன் இருந்த அதே ஆசனத்துக்கு அடுத்து வந்தவர். அவருக்கும் அடுத்து அந்த ஆசனத்துக்கு வந்த கர்தினால் ஓ'கானர்தான் அம்மையாரைப் புனிதராக்கும் முயற்சியை ரோமாபுரிக்குக் கொண்டுபோனார். 2000ஆம் ஆண்டில் ரோமாபுரி அதற்கு அனுமதி கொடுத்து, அவரை இறை ஊழியர் என்று அழைத்தது. விசாரணை இன்னும் முடியவில்லை. 'கத்தோலிக்கத் தொழிலாளி' நியூயார்க்கிலிருந்து இன்னமும் வருகிறது. விலை, அதே ஒரு காசு.